எலியைக் காட்டிக்கொடுத்த சுண்டெலி

எலி, சுண்டெலி என்று நம்மிடம் இரண்டு சொற்கள் இருந்தாலும் பேச்சில் எல்லாமே எலிதான். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் இவை ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன இரண்டு வம்சங்கள். அந்தப் பிரிவு ஆராய்ச்சிக்கூடத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு ஒரு தப்புக் கணக்கின் வழியாகத்தான் தெரியவந்தது.

ஆய்வு மாணவியான தோழி ஒருத்திக்காக ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிக்கொடுத்தேன். காயம் ஆறிவரும் எலித் திசுவின் மைக்ராஸ்கோப் படங்களில் பழுப்பாகத் தெரியும் ரத்தக்குழாய்களை அது எண்ண வேண்டும். மருந்து கொடுத்த எலிகளில் எண்ணிக்கை தாராளமாகவே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி ரத்தக்குழாயே இல்லப்பா. பழுப்பா இருக்குன்னு உன் ப்ரோக்ராமுக்குத் தெரியும். ஏன் பழுப்பா இருக்குன்னு தெரியாதே" என்றாள்.

அந்த 'ஏன்' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது, தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் அவற்றைப் பார்த்தார். குழாயின் உட்புறத்தில் பரவியிருக்கும் மெல்லிய செல் அடுக்குக்கு எண்டோதீலியம் என்று வில்ஹெல்ம் ஹிஸ் பெயர் வைத்தது 1865இல்தான். வெகுகாலம் அதை வெறும் உறையாகவே பார்த்தார்கள். ரத்தம் உறைவதிலும், அழற்சியிலும், மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது பின்னால்தான் புரிந்தது.

பங்கு புரிந்ததும் அடையாளப் பிரச்சினை வந்தது. திசுவைச் சீவிக் கண்ணாடியில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் மற்ற செல்களிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? 1964இல் வைபெலும் பலாடியும் எலியின் தமனிகளிலும் மனிதத் தமனிகளிலும் இந்தச் செல்களுக்குள் குச்சி போன்ற நுண்ணுறுப்புகள் இருப்பதை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார்கள். நல்ல அடையாளம். ஆனால் ஒவ்வொரு செல்லையும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க முடியுமா? 1973இல் எரிக் ஜாஃபியும் சகாக்களும் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்து வளர்த்த மனித எண்டோதீலியல் செல்களை, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தை வைத்து அடையாளம் காட்டினார்கள். இன்று வான் வில்லிபிராண்ட் காரணி என்று சொல்கிறோமே, அதுதான். அதிலும் ஒரு சிக்கல்: அது எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை, நுண்குழாய்களில் பல சமயம் மங்கிவிடும். மனித ரத்தக்குழாயில் ஒட்டும் ஒரு தாவரப் புரதம் எலியிடம் வேலை செய்வதில்லை. எலியிடம் ஒட்டும் இன்னொன்று, மூளையின் மைக்ரோகிளியா செல்களிலும் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி தயாரிக்கும் சுண்டெலிச் செல்லையும் சாகாமல் பெருகிக்கொண்டே போகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். அந்தக் கலப்பிலிருந்து பிரித்தெடுத்த ஒரு செல்லின் வம்சம் முழுவதும் ஒரே ஆன்டிபாடியைத் தந்துகொண்டே இருக்கும். அதுவரை விலங்கின் சீரத்தில் கிடைத்தது பல ஆன்டிபாடிகள் சேர்ந்த கலவை. அந்த விலங்கு செத்தால் அந்தச் சரக்கும் தீர்ந்தது. இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. 1984இல் நோபல் வந்தது.

ஒரு எஞ்சினியராக என்னைக் கவர்ந்தது வேறு. இந்த முறையில் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. எலியின் செல்களைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் போதும். தன்னிடம் இல்லாதது எது என்று சுண்டெலியின் உடலே கண்டுபிடித்து ஆன்டிபாடி செய்யும். பிறகு ஒவ்வொரு வம்சத்தின் ஆன்டிபாடியையும் எலித் திசுவில் போட்டுப் பார்த்து, ரத்தக்குழாயை மட்டும் காட்டுவதை வைத்துக்கொள்ளலாம். அது எந்த மூலக்கூறைப் பிடிக்கிறது என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

அப்படி வந்ததுதான் ரெகா-1. எலி எண்டோதீலியல் செல் ஆன்டிஜென் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நெதர்லாந்தில் டாய்வெஸ்டெய்னும் சகாக்களும் 1992இல் அறிவித்தார்கள். தமனி, சிரை, நுண்குழாய் என்று எலியின் ரத்தக்குழாய்கள் எல்லாவற்றின் எண்டோதீலியத்தையும் காட்டும் ஒரே ஆன்டிபாடி. பக்கவாதம், புற்றுக்கட்டி, உறுப்பு மாற்று என்று எலியை வைத்து நடக்கும் ஆய்வுகளில் ரத்தக்குழாய்களை எண்ண இப்படி ஒன்று தேவைப்பட்டது.

அப்புறம் என் ப்ரோக்ராம் ஏன் தப்பாக எண்ணியது?

ரெகா-1 சுண்டெலியின் ஆன்டிபாடி. அதற்கு நிறம் கிடையாது. அதைப் பிடித்து நிறம் காட்ட, 'சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடி' என்று தயாரித்த இரண்டாவது ஆன்டிபாடி ஒன்று வேண்டும். கோடி வருடப் பிரிவு இருந்தாலும் எலியும் சுண்டெலியும் பங்காளிகள்தானே? இரண்டின் ஆன்டிபாடிகளும் ஏறக்குறைய ஒரே முகஜாடை. காயத்தில் கசிந்து கிடந்த எலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் அந்த இரண்டாவது பிடித்துக்கொண்டது. அதனால் ரத்தக்குழாய் இல்லாத இடமும் பழுப்பானது. பிரிவுதான் ரெகா-1ஐ உருவாக்கியது. மிச்சமிருந்த உறவு எங்கள் கணக்கைக் கெடுத்தது.

தோழி ரெகா-1 போடாமல், இரண்டாவதை மட்டும் போட்டு ஒரு ஸ்லைடு செய்தாள். அதிலும் பழுப்பு. சந்தேகம் உறுதியானது. எலி ஆன்டிபாடியில் ஒட்டக்கூடியவற்றை முன்கூட்டியே நீக்கிய இரண்டாவது ஆன்டிபாடியை வரவழைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து புதிய ரத்தக்குழாய்களை வளர்த்தது என்று அவள் நம்பியிருந்த வித்தியாசமும் அதோடு போனது.

"ரெண்டு வருஷம் போச்சே" என்றேன்.

"எலிங்களும்தான் போச்சு. தப்பா எழுதியிருந்தா அதுங்க செத்ததுக்கும் அர்த்தம் இல்லாம போயிருக்கும்" என்றாள்.

இப்போது அந்த ப்ரோக்ராம், ரெகா-1 இல்லாத ஸ்லைடின் படத்தைக் கொடுத்தால்தான் எண்ணவே ஆரம்பிக்கும்.