சார், இது கிட் தான்



போன வாரம் கூரியரில் ஒரு மரப் பேனா வந்தது. கருமையான மரம். அதில் வெளிர் மரத்துண்டுகளை மீன் செதில் போலப் பதித்திருக்கிறது. நகத்தால் தடவினாலும் இணைப்பு தட்டவில்லை. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "சார், இது கிட் வாங்கிச் செய்தது. முன்னாடியே சொல்லிடறேன்."

அனுப்பியவன் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில், கடையில் வாங்கிய பாகங்களைப் பூட்டி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு காற்றாலை கொண்டுவந்தான். "காசு கொடுத்து வாங்கினதுக்கு மார்க் எதுக்குடா?" என்று வகுப்பின் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் மறக்கவில்லை.

சரி, சரித்திரத்துக்கு வருகிறேன். பதிப்பு வேலையில் பெரும்பாடு எப்போதும் ஒன்றுதான்: குழியும் துண்டும் அச்சாகப் பொருந்த வேண்டும். பதினான்காம் லூயி காலத்துப் பாரிஸில் ஆந்த்ரே-ஷார்ல் பூல் என்ற தச்சர் இருந்தார். 1672-இல் அரசர் அவருக்கு லூவ்ர் அரண்மனையிலேயே இருப்பிடம் கொடுத்தார். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மெல்லிய ரம்பத்தால் ஒரே வெட்டாக அறுப்பது அவர் பெயரால் புகழ்பெற்ற முறை. ஒன்றில் விழுந்த ஓட்டைக்கு மற்றதன் துண்டு சரியாகப் போய் உட்காரும். மீந்ததை வைத்து நேர்மாறான இன்னொரு வேலைப்பாடும் கிடைக்கும். சிக்கனம் பாருங்கள்! ஆனால் ரம்பம் போன தடம் இடைவெளியாக நிற்கும். அதைப் பசையால் அடைக்க வேண்டும்.

அந்தத் தடத்தை மயிரிழையாக்கியது லேசர். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து புனே பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதன் அகச்சிவப்புக் கதிரை மரம் நன்றாக உறிஞ்சும், வெட்டிய இடம் ஆவியாகிப்போகும். கிட்டுக்கான துண்டுகளை இன்று வெட்டித் தருவது இந்த வகை லேசர்தான். ஓரத்தில் தெரியும் கறுப்புக் கோடு அது சுட்ட தடம்.

அப்படியானால் இவன் என்ன செய்தான்? போன் போட்டுக் கேட்டேன். பித்தளைக் குழாயைச் சுற்றிச் சின்னச்சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, தண்ணீர் போன்ற சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக இடுக்கில் இறக்க வேண்டுமாம். (அந்தப் பசையும் ஒரு காலத்தில் தள்ளிவைத்த சரக்குதான். 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் குழு அதைக் கண்டபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல்தான் விற்பனைக்கு வந்தது.) பிறகு லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். பசை முழுக்க இறங்காததால் முதல் இரண்டு பேனாக்கள் சுற்றும்போதே சிதறிப் பறந்தனவாம். மூன்றாவதுதான் என்னிடம் வந்தது.

அந்தக் காற்றாலை அன்று சுற்றியதா என்றுகூட நான் பார்க்கவில்லை. நேற்று அவன் சீட்டின் பின்பக்கத்தில், அவன் பேனாவாலேயே, பத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.