வெட்டிய புடவை

நாட்டியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆடுபவரின் கண்ணைப் பற்றி எழுதுவார்கள். பாதத்தைப் பற்றி எழுதுவார்கள். நட்டுவனாரின் தாளத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குவார்கள். உடுப்பைத் தைத்தவர் யாரென்று மட்டும் கேட்பதில்லை. எனக்கோ கதை எழுதிப் பழகிய புத்தி. மேடையைக் காட்டிலும் அதற்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் சிரத்தை அதிகம்.

நான் குடியிருக்கும் நாவலூருக்கு வடக்கே, கடலோரமாகத் திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. நாட்டிய உடுப்பின் சரித்திரத்தில் பெரிய அத்தியாயம் ஒன்று அந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தது.

அதற்கு முன்பு சதிர் ஆடிய தேவதாசிகள் உடுத்தியது முழுப் புடவை. உள்ளே ஒரு பைஜாமா. அதன்மேல் புடவையைக் கொசுவிக் கட்டி, ஒட்டியாணத்தால் இறுக்குவார்கள். கச்சேரி முடிந்து அவிழ்த்தால் அது மறுபடியும் புடவைதான். மறுநாள் கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போகலாம். பிற்பாடு மகளுக்கும் கொடுக்கலாம்.

மாறுதலுக்கான வித்து அயல்நாட்டிலிருந்து வந்தது. ருஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு 1928-ல் ருக்மிணி தேவிக்கு வாய்த்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அவர் பாலேயும் பயின்றார். பாலே குழுக்களில் உடை ஒரு தனி இலாகா. பெட்டி பெட்டியாகக் குழுவோடு பிரயாணம் செய்யும். 1931-ல் மரணப் படுக்கையில் கிடந்த பாவ்லோவா, தம் அன்னப்பறவை உடுப்பை எடுத்து வைக்கச் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, அந்த உலகில் உடுப்புக்கு இருந்த மதிப்பை அது சொல்லிவிடுகிறது.

ருக்மிணி தேவி பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. மறு வருஷமே நெசவுக்கூடமும் வந்தது. உடுப்பைத் தைக்க உதவியவர் மேடம் காஸான் என்ற ஐரோப்பிய மாது. கோவில் சிற்பங்களைப் பார்த்து யோசனை; நம் தறியில் நெய்த துணி; ஐரோப்பியத் தையல். இப்படித்தான் புடவையில் கத்தரி பட்டது.

இந்தத் தையல் லேசான காரியமல்ல. நின்றபடி அளவு எடுத்தால் போதாது. அரைமண்டியில் உட்காரச் சொல்லியும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அடவிலேயே தையல் விட்டுப் போகும். கையை நீட்டும்போது ரவிக்கை மேலே ஏறக்கூடாது. முன்பக்கத்து விசிறி, முழங்கால் விரிந்ததும் விரிய வேண்டும். நிமிர்ந்ததும் மடிப்புக் கலையாமல் சேர வேண்டும். பெரும்பாலும் முந்தானைதான் அந்த விசிறியாகிறது. நெய்தவர் எந்த அழகை எல்லாம் முந்தானையில் கொட்டினாரோ, அது முழங்கால்களுக்கு நடுவே வந்து நிற்கிறது.

பராமரிப்போ தனிச் சாஸ்திரம். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. வேர்வை பட்டால் வெள்ளி கறுக்கும். ஆனால் ஒவ்வொரு கச்சேரிக்கும் தோய்த்தால் பட்டு தாங்காது. ஆகவே ஆடி முடித்ததும் உள்புறத்தைத் திருப்பி நிழலில் காற்றாட விட வேண்டும். விசிறியின் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூலால் கட்ட வேண்டும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக்கூடாது. தனி ஒருத்திக்கே இத்தனை வேலை. 1944-ல் குற்றாலக் குறவஞ்சி, 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக ராமாயணம் என்று நாட்டிய நாடகங்கள் போட்ட ஸ்தாபனத்தில், அந்த அறையின் வேலை எப்படி இருந்திருக்கும்!

தைத்த உடுப்பினால் வந்த லாபம் பெரிது. அவிழ்ந்துவிடுமோ என்ற பயமின்றி ஆடலாம்; நிமிஷத்தில் உடை மாற்றலாம். நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா என்று சீறியவர்களின் வாயை அடைத்ததில் இந்த உடுப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதே காலத்தில்தான், பரம்பரையாக ஆடியவர்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. அந்த மரபிலிருந்து வந்து உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதி, பழைய முறையில் புடவை சுற்றியே ஆடினார். அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புடவை அவருடைய பாட்டிமார் கட்டிய கட்டு.

வெட்டிய புடவை மறுபடியும் புடவையாகாது. சதிரும் அப்படியே, பரதநாட்டியம் என்று பெயர் மாறிப் புது அளவில் தைக்கப்பட்டபின் பழையபடி அவிழ்த்து மடித்து வைக்க முடியவில்லை. தைத்தது அழகாகவே இருக்கிறது; அதில் எனக்குச் சந்தேகமில்லை. முழுத்துணி யாருடையது என்பதை மறக்காதிருந்தால் சரி. நிகழ்ச்சி நிரலை அச்சிடுகிறவர்கள் நட்டுவனார், பாட்டு, மிருதங்கம் என்று போட்ட பிறகு, நெசவு, தையல் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால், காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது.