எண்ணெய் வாங்கிய இடம்

மின்சாரம் வருவதற்கு முன்பு நம் தோட்டத்து லயங்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அந்த எண்ணெய் எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று நம் பாட்டன்மார் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதை விற்ற வணிகர்களுக்கோ, யாரிடம் சரக்கு எடுப்பது என்பதே வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது.

லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல் கடற்சிப்பி விற்றவரின் மகன். ரஷ்ய எண்ணெயை ஒன்பது ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ள 1891இல் அவர் ரோத்ஸ்சைல்டு குடும்ப நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு 'மியூரெக்ஸ்' என்னும் அவருடைய கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து, சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவுக்கு எண்ணெய் கொண்டுவந்தது. அதுவரை டின்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் வைத்து அனுப்பிய சரக்கு, கப்பலின் வயிற்றிலேயே நேராக ஊற்றி வந்தது. செலவு குறைந்தது. ஆனால் ஒரு வேடிக்கை! மக்கள் எண்ணெயோடு டின்னையும் எதிர்பார்த்தார்கள். கூரை வேய்வது முதல் சமையல் சாமான் செய்வது வரை அந்தத் தகரம் உதவியதல்லவா? வேறு வழியின்றி சாமுவேல் கீழ்நாடுகளிலேயே டின் செய்வித்தார். போட்டியாளரான அமெரிக்க ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் டின் நீலம், இவருடையது சிவப்பு.

வியாபாரம் வளர்ந்தாலும், ஒரே இடத்து எண்ணெயை நம்பியிருக்கிறோமே என்ற அச்சம் அவரை விடவில்லை. கிழக்குப் போர்னியோவில் 1897இல் எண்ணெய் கண்டார். அது கனத்த எண்ணெய். விளக்குக்கு அவ்வளவாக உதவவில்லை.

1901 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸ்பிண்டில்டாப் என்ற சிறு மேட்டில், எண்ணெய் வானளாவப் பீறிட்டது. ஒன்பது நாள் அடங்கவில்லை. செய்தி கேட்ட சாமுவேல், அந்த ஊற்றுக்கு அரை வயது கூட ஆகுமுன்பே கஃபி என்பவரின் நிறுவனத்துடன் ஏறத்தாழ இருபது ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். பேராசை என்று அதைத் தள்ளிவிடுவது நியாயமன்று. அச்சமே அவரை அவசரப்படுத்தியது என்பேன்.

அந்தச் சிறு மேட்டில் அவ்வாண்டு முடிவதற்குள் ஏராளமான கிணறுகளைத் தோண்டிவிட்டார்கள். நிலத்தடியில் அடைபட்டிருந்த வாயுவின் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளியது. ஆளாளுக்குத் துளையிட்டதால் வாயு வெளியேறியது, உந்துசக்தி போயிற்று. ஓய்வு கொடாமல் வெட்டிய பால்மரத்தின் பட்டை வறண்டுபோவதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1902இல் ஊற்று தளர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் சாமுவேல் லண்டன் மாநகரத் தலைவராகப் பதவியேற்றார். ஆனால் அவர் நம்பியிருந்த டெக்சாஸ் சரக்கோ கைக்கு வரவில்லை.

சுமத்திராவில் ராயல் டச்சு நிறுவனத்துக்கும் இதே சோதனை முன்பே வந்திருந்தது. 1898இல் அதன் லங்காட் கிணறுகளில் எண்ணெய்க்குப் பதில் உப்புநீர் வந்தது. வாடிக்கையாளரை இழக்காமலிருக்க, அது ரஷ்ய எண்ணெயை விலைக்கு வாங்கி விற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தோண்டியும் பலனில்லை. பின்னர் நிலவியல் வல்லுநர்களைக் கொண்டு மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து, 1899 டிசம்பரில் அச்சே பகுதியிலுள்ள பெர்லாக்கில் எண்ணெய் கண்டது. அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த டெட்டர்டிங், ருமேனியா போன்ற தூர நாடுகளிலும் எண்ணெய் கிடைக்க வழி தேடினார்.

1907இல் சாமுவேலின் ஷெல் நிறுவனமும் ராயல் டச்சும் இணைந்தன. நூற்றுக்கு 60 பங்கு ராயல் டச்சுக்குச் சென்றது. மியூரெக்ஸைக் கடலில் விட்டவரின் நிறுவனத்துக்குக் கிடைத்தது 40.