நீரிழிவுப் பாதப்புண்

நீரிழிவு நோயாளியின் பாதத்தில் தோலின் முழு ஆழத்தையும் கடந்து உண்டாகும் புண் நீரிழிவுப் பாதப்புண் எனப்படும். நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வரக்கூடும் என மதிப்பிடப்படுகிறது. இவர்களுக்குச் செய்யப்படும் கால் நீக்க அறுவைகளில் பெரும்பாலானவை இத்தகைய ஒரு புண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

புண்ணுக்கு அடிப்படை, இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பதால் நரம்புகள் பழுதடைவதாகும். இயக்க நரம்புகள் கெடும்போது பாதத்தின் சிறு தசைகள் சூம்பி, விரல்கள் கொக்கிபோல் வளைந்து, விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் துருத்திக்கொள்கின்றன. தன்னியக்க நரம்புகள் கெடுவதால் வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் காய்ப்பு தடித்து, அதன் அடியில் இரத்தம் கசிந்து, வெளியே தெரியாமலேயே புண் உருவாகிவிடுகிறது. உணர்வு நரம்புகள் செயலிழந்திருப்பதால் வலி எச்சரிப்பதில்லை. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய ஆணியையும், கோடை நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளம் சுட்ட கொப்புளத்தையும் நோயாளி வீட்டுக்கு வந்த பிறகே, பல வேளைகளில் பிறர் சொல்லியே அறிகிறார். இதனுடன் முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளின் அடைப்பும் சேர்ந்தால் புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் கிடைக்காமல் போகிறது.

நோயறிதலின்போது காலணியையும் காலுறையையும் நீக்கி இரு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். உணர்வைச் சோதிக்க, 10 கிராம் விசையில் வளையுமாறு செய்யப்பட்ட மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழை பயன்படுகிறது. கண்களை மூடியிருக்கும் நோயாளியின் பாதத்தில், காய்ப்பில்லாத இடங்களில், இழை வளையும்வரை அழுத்தி, தொடுகை தெரிகிறதா என்று கேட்கப்படுகிறது. அதிர்வுணர்வு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையால் அறியப்படுகிறது. இரத்த ஓட்டத்தை அறியப் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி பார்ப்பதோடு, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதமும் கணக்கிடப்படுகிறது. அது 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். ஆனால் நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், அடைப்புள்ள காலிலும் இந்த எண் இயல்பாகவோ 1.3-க்கு மேலாகவோ காட்டி மருத்துவரை ஏமாற்றக்கூடும். ஆகவே ஐயமுள்ள இடத்தில் கால் பெருவிரலின் அழுத்தம் அளக்கப்படுகிறது. அது 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் அவசர நிலை.

தொற்று உண்டா என்பதைச் சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி, சீழ் ஆகிய குறிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். எல்லாத் திறந்த புண்களிலும் கிருமிகள் வாழ்வதால், மேற்பரப்பில் பஞ்சால் துடைத்தெடுத்துச் செய்யும் சோதனை பெரிதும் பயன்படாது. சுத்தம் செய்த பின் அடியிலிருந்து சுரண்டியெடுத்த திசுவே நம்பத்தக்கது. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது தேவையற்றது. மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் செலுத்தும்போது கடினமான எலும்பு தட்டுப்பட்டால், தொற்று எலும்பை எட்டியிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். எக்ஸ்ரே படத்தில் எலும்பின் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், முதல் படம் தெளிவாக இருப்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது, எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிவிடும்.

சிகிச்சையில் நோயாளியும் குடும்பத்தாரும் பெரும்பாலும் எந்தக் களிம்பு என்றே கேட்கின்றனர். ஆனால் இரத்த ஓட்டம் போதுமானதாக இருந்தும் அடிப்பாதப் புண் ஆறாமல் கிடப்பதற்கு முதற்காரணம், நோயாளி அதன்மேல் நடந்துகொண்டே இருப்பதுதான். காய்ப்பையும் செத்த திசுவையும் கத்தியால் அகற்றிய பின், பாத அழுத்தத்தைக் கால் முழுவதும் பரப்பிவிடும் முழுத்தொடு மாவுக்கட்டு இதற்குச் சிறந்த முறைகளுள் ஒன்றாக உள்ளது. இம்முறை தொழுநோய் மருத்துவத்தில் பிறந்தது. 1930-களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால், உணர்விழந்த பாதங்களின் புண்களுக்கு இதைக் கையாண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், பின்னர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு இதைக் கொண்டுசென்றார். நோயாளியால் கழற்ற முடியாது என்பதே இக்கட்டின் வலிமை. கடும் இரத்தக் குறையோ, கட்டுக்குள் வராத தொற்றோ உள்ள காலுக்கு இதைப் போடக் கூடாது.

தமனி அடைப்பால் இரத்த ஓட்டம் மிகவும் குறைந்த காலில், ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ் மூலம் அதை மீட்டாலன்றி மற்ற எதுவும் பெரிதாகப் பயன் தராது. தோல், மென்திசுத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களும், வெட்டியெடுக்கப்படாத எலும்புத் தொற்றுக்கு ஆறு வாரங்களும் தரப்படும். சீழ் கட்டினாலோ, துர்நாற்றத்துடன் பரவும் ஈர அழுகல் தோன்றினாலோ அன்றே அறுவை தேவை. நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லையெனில், அழுத்தம், இரத்த ஓட்டம், தொற்று ஆகிய மூன்றையும் மீண்டும் முதலிலிருந்து ஆராய வேண்டும்.

புண்ணே இல்லாமலும் பாதம் சிதையக்கூடும். ஷார்கோ பாதம் எனப்படும் இந்நிலையில் உணர்விழந்த பாதம் சிவந்து, சூடாகி வீங்குகிறது. மற்றப் பாதத்தைவிட வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் கூடியிருப்பது வழக்கம். வலி குறைவாக இருப்பதால் சுளுக்கு என்றும், சிவப்பால் தோல் தொற்று என்றும் இது தவறாகக் கருதப்படுகிறது. மாவுக்கட்டிட்டு அசைவை நிறுத்தாவிட்டால் எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவு தட்டையாகி, நடுப்பாதம் கீழ்நோக்கிப் புடைத்து, அங்கு புதிய புண் தோன்றும்.

ஆறிய புண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குத் திரும்பி வருவதால், அவர்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்ட, பின்வார் உள்ள செருப்பு பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டுக்குள்ளும் அதை அணிந்தே நடக்க வேண்டும், காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவாமல் மருத்துவரிடமே அகற்றிக்கொள்ள வேண்டும்.