அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு: ரயிலே ஓடாத பாதையில் பார்க்க என்ன இருக்கு?

பெயரில்தான் ரயில். தண்டவாளமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் வடக்கே தப்பிச் செல்ல உதவிய ரகசிய ஏற்பாட்டுக்குத்தான் இந்தப் பெயர். வழிகாட்டியவர் 'கண்டக்டர்'. ஒளிய இடம் கொடுத்த வீடு 'ஸ்டேஷன்'. தப்பி வந்தவர் 'பயணி'.

இந்தப் பாதைகள் இன்று சுற்றுலாத் தடங்கள். அங்கே என்ன பார்க்கலாம்?

கனடா வரை ஏன் ஓடினார்கள்?

வட மாகாணங்களில் அடிமை முறை இல்லை. ஆனால் 1850ல் வந்த சட்டம், அங்கே பிடிபட்டவர்களையும் உரிமையாளரிடமே திருப்பி அனுப்பச் சொன்னது. உதவி செய்தால் 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். பிரிட்டன் ஆட்சியில் இருந்த கனடாவில் 1834லேயே அடிமை முறை ஒழிந்துவிட்டது. அதனால் பலருக்கும் கடைசி ஸ்டேஷன் கனடாதான்.

மேரிலேண்ட்: ஹாரியட் டப்மேன் நடந்த மண்

இந்த வரலாற்றின் முக்கிய முகம் ஹாரியட் டப்மேன். பிறந்தது மேரிலேண்டின் டார்செஸ்டர் கவுண்டியில். அங்குள்ள பக்டவுன் கிராமத்துக் கடையில், தப்பியோடிய இன்னொரு அடிமையைக் குறிவைத்து மேற்பார்வையாளர் எறிந்த இரும்பு எடைக்கல், சிறுமியாக இருந்த ஹாரியட்டின் தலையில் விழுந்தது. அந்தக் காயத்தால் வந்த பாதிப்பு ஆயுள் முழுக்க இருந்தது.

1849ல் தப்பினார். அதோடு நிற்கவில்லை. சுமார் 13 முறை ரகசியமாகத் திரும்பி வந்து, ஏறக்குறைய 70 பேரை மீட்டார். இரவு நீளமாக இருக்கும் குளிர்காலம்தான் அவர் அதிகம் தேர்ந்தெடுத்தது. கிளம்புவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவு. ஏன்னா, 'ஆளைக் காணோம்' விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் பேப்பரில் வராது.

மேரிலேண்டில் மட்டும் சுமார் 200 கி.மீ. நீளும் இந்தத் தடத்தில், 2017ல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் இருக்கிறது. நுழைவு இலவசம். பக்கத்திலேயே பிளாக்வாட்டர் சதுப்புநிலம். அங்கே ஹாரியட்டின் தந்தை பென் ராஸ் வாழ்ந்த வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்ததாக 2021ல் அறிவித்தார்கள். கிடைத்தவை பீங்கான் துண்டுகள், ஆணிகள், 1808ம் ஆண்டு நாணயம் போன்றவை.

ஒஹாயோ: ஆற்றுக்கு அக்கரையில் விடுதலை

ஒஹாயோ ஆற்றின் தென்கரை கென்டக்கி, அடிமை மாகாணம். வடகரையில் அடிமை முறை இல்லை. வடகரை ஊரான ரிப்லியில், குன்றின் மேல் பாதிரியார் ஜான் ராங்கினின் வீடு இன்றும் நிற்கிறது. அதன் விளக்கு வெளிச்சம்தான் ஆற்றைக் கடப்பவர்களுக்கு அடையாளம்.

அதே ஊரில் ஜான் பார்க்கரின் வீடு. தானே பணம் சேர்த்து 1845ல் தன் விடுதலையை விலைக்கு வாங்கியவர். பகலில் இரும்பு வார்ப்படத் தொழில். இரவில் படகில் அக்கரை போய் ஆட்களை அழைத்து வருவார். மாட்டியிருந்தால் உயிரே போயிருக்கும்.

சின்சினாட்டி அருங்காட்சியகத்தில் இருப்பது இதற்கு நேர் எதிரான சாட்சி: விற்பனைக்காக அடிமைகளை அடைத்துவைத்த மரக் கட்டடம். கென்டக்கியிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள்.

எதை நம்பக் கூடாது?

பழைய வீட்டில் நிலவறை இருந்தாலே 'இங்கேதான் ஒளிந்தார்கள்' என்று சொல்லிவிடுவார்கள். போர்வைத் தையலில் ரகசியக் குறியீடு இருந்தது என்ற கதையும் பிரபலம். அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்றாளர்கள். ஹாரியட் 300 பேரை மீட்டார் என்பதும் பழைய மிகைக் கணக்குதான்.

இந்தக் கதைகளால் இன்னொரு உண்மை மறைந்துவிடுகிறது. தப்பிய பலர், முதல் பல மைல்களை யார் உதவியும் இல்லாமல் நடந்தே கடந்தார்கள். 1860ல் அடிமைகளாக இருந்தவர்கள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர். தப்பியவர்கள் அதில் மிகச் சிறு பகுதி.

உண்மையான இடம் எது?

அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை, 1998ம் ஆண்டுச் சட்டப்படி 'நெட்வொர்க் டு ஃப்ரீடம்' பட்டியலைப் பராமரிக்கிறது. ஆதாரம் காட்டிய இடங்களுக்குத்தான் அதில் இடம். கிளம்பும் முன் அதைப் பார்ப்பது நல்லது.

பல இடங்களில் கட்டடமே இருக்காது. வயல், காடு, சேறுதான் இருக்கும். ரகசியமாக நடந்த ஒன்று கல்வெட்டு வைத்துவிட்டா போகும்? பிளாக்வாட்டரில் கோடையில் கொசு அதிகம், குளிர்காலத்தில் போவது வசதி. ஹாரியட் அதிகம் நடந்ததும் அந்த மாதங்களில்தான்.