முதல் தாள் கிழிந்த குதிரைவீரர்கள்

மதுரை திருநகரில் நான் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த காலத்தில் கௌபாய் காமிக்ஸ் அலமாரியில் தங்கியதே இல்லை. திரும்பி வரும்போது அட்டை போயிருக்கும். நடுவில் பின் அடித்த இதழ்களில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாள். அட்டைக்குப் பிறகு போவது அதுதான். மைதாப் பசை காய்ச்சி, காக்கித் தாள் ஒட்டி, ஊசி நூலால் தைத்து மறுபடி அடுக்குவேன். பையன்கள் முதல் பக்கம் இல்லாமலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். "ஆரம்பம் எதுக்குண்ணே, சண்டை இருக்குல்ல" என்பார்கள். ஆரம்பம் எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1949 செப்டம்பர் 15 அன்று 'லோன் ரேஞ்சர்' என்ற முகமூடிக் குதிரைவீரன் தொடரின் முதல் பாகம் ஒளிபரப்பானது. ஆறு டெக்ஸாஸ் ரேஞ்சர்கள் ஒரு கொள்ளைக் கும்பலைத் தேடிக் குதிரையில் போகிறார்கள். வழிகாட்டியாக வந்தவன் காட்டிக்கொடுக்கிறான். இருபக்கமும் பாறை சூழ்ந்த பள்ளத்தாக்கில் கும்பல் தலைவன் புட்ச் கேவண்டிஷின் ஆட்கள் மேலிருந்து சுட, ஐந்து பேர் சாகிறார்கள். குற்றுயிராகக் கிடக்கும் ஆறாமவனைக் கண்டெடுத்துக் காயத்துக்கு மருந்திட்டுக் காப்பாற்றுகிறவன் டோண்டோ என்ற செவ்விந்தியன். செத்தவர்களுக்குக் குழி வெட்டுகிறவனும் அவனே. ஐந்து பிணங்களுக்கு ஆறு குழி. எல்லோரும் ஒழிந்தார்கள் என்று எதிரி நம்ப வேண்டுமே! செத்தவர்களில் ஒருவன் பிழைத்தவனின் அண்ணன்; அவனுடைய மேல்சட்டைத் துணியில் வெட்டியதுதான் அந்தக் கறுப்பு முகமூடி. இந்தத் தொடக்கக் கதை மூன்று வாரம் ஓடியது. தொடர் 1957 வரை போய் 221 பாகங்களில் முடிந்தது.

பேரன் தன் போனில் அதைப் போட்டுக் காட்டியபோது என்னை உலுக்கியது அந்த ஆறாவது குழி. முகமூடிக்காரனின் வீரம் அத்தனையும் அவனுடைய காலிக் கல்லறையிலிருந்து கிளம்புகிறது. அதை வெட்டியவன் இன்னொருவன். இது தெரியாமல் நடுவிலிருந்து பார்க்கிறவனுக்கு டோண்டோ வெறும் எடுபிடியாகத்தான் தெரிவான்.

அந்தத் தொடக்கமும் பின்னால் வந்து சேர்ந்ததுதான். 1933இல் டெட்ராய்ட் வானொலியில் இந்த நாடகம் தொடங்கியபோது நாயகனுக்குப் பூர்வ கதை கிடையாது, டோண்டோவும் இல்லை. வானொலியில் தனியாகப் போகிறவனுக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்பதால் சில வாரங்கள் கழித்து அவனைச் சேர்த்தார்கள். படுகொலையில் ஒருவன் மட்டும் தப்பும் கதை 1938இல் வந்த தொடர்படத்தில் உருவாகி, வானொலிக்குப் போய், அதன் பிறகே தொலைக்காட்சியில் முதல் பாகமானது. பேச்சுத்துணைக்கு வந்தவன் உயிர் கொடுத்தவனாக உயர்ந்ததும் இப்படித்தான். அந்த வேடத்தில் நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவில் பிறந்த மொஹாக் இனத்தவர். தொடர் முழுக்க அவரைக் கொச்சை ஆங்கிலம் பேச வைத்தார்கள் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிற்பாடு அவர் தம் இனத்து இளைஞர்களுக்கென்று நடிப்புப் பட்டறை தொடங்கினார்.

மதுரைக்கு இந்தத் தொடர் வரவில்லை. சென்னைத் தொலைக்காட்சியே 1975 ஆகஸ்ட் 15இல்தான் பிறந்தது, அதுவும் நம் ஊர்வரை எட்டவில்லை. நமக்குக் குதிரைவீரனைக் காட்டியவை வேறு. ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசிப்பு, மாலையில் ரீகல் டாக்கீஸாக ஆங்கிலப் படம். 1972இல் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டிலும் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை ஏறினார். அதே ஆண்டு ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். 1984 ஜூலையில் அவர் மகன் விஜயன் ஆசிரியராக லயன் காமிக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து விருதுநகர், திருமங்கலம் வழியாக மதுரைக்கு வரும் சாலை எங்கள் திருநகரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. எங்கோ இருக்கும் அரிஸோனா எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த ஊராக ஆனது சிவகாசி அச்சகங்களால்தான்.

எண்பதுகளின் நடுவில் லயனில் டெக்ஸ் வில்லர் வந்தார். இத்தாலியில் போனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் 1948 செப்டம்பர் 30இல் தொடங்கிய கதை அது. நாம் அவரைச் சந்தித்தபோது அவர் ரேஞ்சர், நவஹோ மக்களின் தலைவர், இரவுக் கழுகார். பக்கத்தில் வெள்ளித்தலை கார்சன், மகன் கிட், நவஹோ வீரன் டைகர். எல்லாம் அமைந்து முடிந்த நடுக்கதை. இத்தாலிய முதல் கதையில் டெக்ஸ் சட்டத்துக்குப் பயந்து திரியும் தலைமறைவுக்காரன். துரத்தப்படும் டெஸா என்ற செவ்விந்தியப் பெண்ணைக் காப்பாற்றுவதில்தான் அவன் கதை தொடங்குகிறது. சட்டம் தேடுகிறவன், நிலம் பறிபோனவர்களின் பக்கம் நிற்கிறான். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கதைகளுக்கும் கனம் வேறு. வெறும் துப்பாக்கிச் சண்டை என்று அவற்றைத் தள்ளிய பெரியவர்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் தொடக்கத்தைப் படித்ததில்லை.

வாடகைக் கடைகள் போய்விட்டன. பழைய இதழ்கள் எடைக்குப் போகின்றன. வணிகப் பத்திரிகை, விளம்பரத் துண்டு என்று நாம் குப்பை என நினைத்தவற்றையெல்லாம் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததால்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் எழுந்தது. உங்கள் வீட்டுப் பரணில் எழுபது, எண்பதுகளின் சிவகாசி காமிக்ஸ் இருந்தால் இறக்கிப் பாருங்கள். அட்டையோடும் முதல் தாளோடும் இருக்கும் ஒவ்வொரு பிரதியும் அரிது. பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், பேணத் தெரிந்த ஒரு நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள்.