நெரிசல்நேரச் சுங்கக் கட்டணம்

சாலையில் வண்டிகள் பெருகும்போது கட்டணத்தை ஏற்றி, குறையும்போது இறக்கி, ஓட்டம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் முறை இது. கொங்கு நாட்டுக்கு இன்னும் வரவில்லை. கணியூர், விஜயமங்கலம் டோல்கேட்டுகளை அதிகாலை 3 மணிக்குக் கடக்கும் காருக்கும், தீபாவளிக்கு முதல்நாள் மாலை ஊர்ந்து கடக்கும் காருக்கும் ஒரே தொகைதான்.

காரணம், 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். வண்டியின் வகையையும் சாலையின் நீளத்தையும் வைத்தே அவை கணக்கிடுகின்றன. 2007-08 அடிப்படை விலைப்படி கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, லாரிக்கும் பேருந்துக்கும் 2 ரூபாய் 20 காசு. ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் அதன்மேல் ஏறும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு. நெரிசலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கட்டணம் உயரும், 65ஐத் தாண்டினால் குறையும். தடத்துக்கு மட்டும் விலை வைத்தது கலிபோர்னியா. அங்கே 1995இல் 91ஆம் எண் சாலையில் இலவசத் தடங்களுக்குப் பக்கத்திலேயே கட்டணத் தடங்கள் திறக்கப்பட்டன. அவசரமுள்ளவர் காசு கொடுத்துப் போகலாம், மற்றவர் பழைய தடத்திலேயே போகலாம்.

கருவி இங்கும் தயார். கட்டணத்தை மின்னணு முறையில் பிடிக்கும் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். நேரத்துக்கேற்ப வேறு தொகை பிடிப்பது பெரிய வேலையல்ல. இல்லாதது மாற்றுவழி. செங்கப்பள்ளியிலிருந்து ஆறுவழியாக வரும் 544ஆம் எண் சாலை, நீலாம்பூரில் கோவைப் புறவழிச்சாலையைத் தொடுகிறது. மதுக்கரை வரை சுமார் 28 கிலோமீட்டர் நீளும் அச்சாலை, தனியார் முதலீட்டில் இருவழியாகவே போடப்பட்டது. ஆறுவழி வெள்ளம் இரண்டில் புகும் இடத்தில் விலையை ஏற்றினால் வரிசை கரையாது, வண்டிக்காரரின் செலவுதான் கூடும். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்குப் புறப்படும் நேரம்கூடக் கையில் இல்லை. சரக்கு ஏற்றுபவர் சொல்லும் நேரம்தான். அவர்களுக்கு நெரிசல்நேர ஏற்றத்தைவிட இரவுநேரத் தள்ளுபடியே நியாயமான தொடக்கம்.

சான்டியாகோவில் 15ஆம் எண் சாலையின் இத்தகைய நெரிசல்நேரக் கட்டண வருவாயில் ஒரு பங்கு, அதே வழியில் ஓடும் விரைவுப் பேருந்துகளுக்குப் போனது. கோவை–சேலம் பேருந்தோ, கார்களோடும் லாரிகளோடும் ஒரே சாலையில் கலந்துதான் போகிறது.